போர் விமானத்திலிருந்து விண்வெளிக்கு: விமானப்படை வழியாகப் போக நினைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2024 பிப்ரவரி 27 அன்று திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில், இந்தியா தன் சொந்தக் கலத்தில் மனிதர்களை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கான நான்கு பேரின் பெயர்கள் வெளியாயின. பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா. நால்வரும் இந்திய விமானப்படை அதிகாரிகள், நால்வரும் சோதனை விமானிகள். இவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். அடுத்த ஆண்டு ஜூனில் சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே போய், ஜூலையில் திரும்பி வந்தார். அதிலிருந்து பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான்: விமானப்படையில் சேர்ந்தால் விண்வெளிக்குப் போகலாமா?

சேர்ந்தால் மட்டும் போதாது. போர் விமானம் ஓட்டினால்கூடப் போதாது. விமானப்படைக்குள் ஒரு சிறிய கூட்டம் இருக்கிறது. புதிய விமானங்களையும் புதிய கருவிகளையும் முதலில் ஓட்டிப் பார்த்து, அவை எப்படி நடந்துகொள்கின்றன என்று பொறியாளர்களுக்கு எழுதிக் கொடுப்பவர்கள். சோதனை விமானிகள் என்பது இவர்களைத்தான். விண்வெளிக்கான கதவு அங்கேதான் இருக்கிறது. அந்தக் கதவு வரை எப்படிப் போவது, போகும் வழியில் எங்கெல்லாம் தடுக்கும், அது திறக்காவிட்டால் வேறு எந்த வழிகள் உண்டு என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், ஏன் விமானிகளையே தேடினார்கள்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் விண்ணப்பப் படிவத்தைத் தொட வேண்டாம். காரணம் புரிந்தால்தான் எந்தத் திறமையை வளர்ப்பது என்று தெரியும்.

1958 இறுதியில் அமெரிக்காவில் யாரை விண்வெளிக்கு அனுப்புவது என்ற கேள்வி எழுந்தபோது, ராணுவச் சோதனை விமானிகளிலிருந்தே எடுக்கலாம் என்று அதிபர் ஐசனோவர் முடிவு செய்தார். வயது 40-க்குக் கீழ், உயரம் 5 அடி 11 அங்குலத்துக்குள், பட்டம் அல்லது அதற்கு ஈடான படிப்பு, சோதனை விமானிப் பள்ளியில் தேர்ச்சி, 1,500 மணி நேரம் பறந்த அனுபவம், ஜெட் விமானத்தில் தகுதி. இவைதான் நிபந்தனைகள். 508 பேரின் பணிக் கோப்புகளைப் புரட்டியதில் 110 பேர் தேறினார்கள். அவர்களிலிருந்து எழுவரை 1959 ஏப்ரலில் அறிவித்தார்கள். இந்த முடிவில் வசதியும் கலந்திருந்தது. ராணுவ விமானிகளுக்கு மருத்துவக் கோப்பு தயாராக இருக்கும், ரகசியம் காக்கத் தெரியும், ஆபத்துக்குப் பழகியவர்கள். நாடு முழுக்க விளம்பரம் செய்து லட்சம் விண்ணப்பங்களைப் பிரிக்க வேண்டிய வேலையும் இல்லை.

சோவியத் ஒன்றியமும் விமானப்படையிலிருந்துதான் எடுத்தது. ஆனால் அவர்கள் நோக்கம் வேறு. 1960-ல் தேர்வான 20 பேரும் இளம் விமானிகள். யூரி ககாரின் அதுவரை பறந்தது சில நூறு மணி நேரம்தான். அவர் போன வஸ்தோக் கலம் தானாகவே இயங்கும்படி வடிவமைக்கப்பட்டிருந்தது. எடையற்ற நிலையில் மனிதனுக்குப் புத்தி தடுமாறிவிடுமோ என்ற பயத்தில் கைக்கட்டுப்பாட்டையே பூட்டி வைத்து, திறக்கும் மூன்று இலக்க எண்ணை ஓர் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது விசையைத் தாங்கும் உடம்பும் பதறாத மனமும். அமெரிக்கர்களோ கலத்தைக் கையால் ஓட்டும் ஆளைத் தேடினார்கள்.

இந்தியா இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தது என்று சொல்லலாம். 1984 ஏப்ரல் 3-ல் சோயுஸ் டி-11 கலத்தில் சல்யூட் 7 நிலையத்துக்குப் போன ராகேஷ் சர்மா சோதனை விமானி. 1971 போரில் மிக்-21 ஓட்டியவர். அவருக்கு மாற்றாகத் தயாராக இருந்த ரவீஷ் மல்கோத்ராவும் சோதனை விமானிதான். ஆக நாற்பது ஆண்டுகளாக நம் நாட்டில் அளவுகோல் மாறவே இல்லை.

பறப்பது எதைக் கற்றுத்தரும், எதைக் கற்றுத்தராது?

பலரும் முதலில் நினைப்பது ஜி விசையை. போர் விமானம் வேகமாகத் திரும்பும்போது விமானியின் உடல் எடை ஒன்பது மடங்கு வரை கூடும். ரத்தம் தலையிலிருந்து காலை நோக்கி இறங்கும், கண் இருட்டும். தொடையையும் வயிற்றையும் இறுக்கி, சில விநாடிக்கு ஒருமுறை மூச்சை வெட்டி வெட்டி விட்டுச் சமாளிக்க வேண்டும். விண்கலத்தில் மல்லாந்து படுத்த நிலையில் போவதால் விசை நெஞ்சிலிருந்து முதுகுக்குப் போகிறது. அளவும் பெரும்பாலும் மூன்று நான்கு ஜி-தான். கலம் வழக்கத்தைவிடச் செங்குத்தான பாதையில் இறங்க நேர்ந்தால் எட்டு, ஒன்பது வரை போகும். ஆகவே விமானிக்கு இங்கே கொஞ்சம் முன்னேற்பாடு உண்டு. ஆனால் ஆளை வேகமாகச் சுழற்றி இந்த விசையைத் தரும் மையவிலக்கு இயந்திரத்தில் பயிற்சி கொடுத்தால் ஆரோக்கியமான மற்றவர்களும் இதைத் தாங்கிவிடுகிறார்கள். இதை ஒரு பெரிய தகுதியாக நினைக்க வேண்டாம்.

விண்வெளிக் குமட்டல் விஷயத்தில் விமானிக்கு எந்தச் சலுகையும் கிடையாது. விண்வெளியில் முதன்முதலில் வாந்தி எடுத்தவர் கெர்மன் தித்தோவ், 1961-ல். அவர் போர் விமானி. அப்போலோ 9-ல் ரஸ்டி ஷ்வைகார்ட்டுக்கு வந்த குமட்டலால் விண்நடைத் திட்டத்தையே மாற்ற வேண்டி வந்தது. அவரும் போர் விமானிதான். முதல் சில நாட்களில் மூன்றில் இரண்டு பேருக்காவது இது வருகிறது. யாருக்கு வரும் என்று தரையில் வைத்துச் சொல்ல முடிவதில்லை.

உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. 1966 மார்ச் 16 அன்று ஜெமினி 8 கலத்தில், கலத்தைத் திருப்ப உதவும் சிறு எஞ்சினான த்ரஸ்டர் ஒன்று அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. கலம் சுழல ஆரம்பித்து, விநாடிக்கு ஏறத்தாழ ஒரு சுற்று என்ற வேகத்தை எட்டியது. இன்னும் சற்று நேரம் போயிருந்தால் உள்ளே இருந்த இருவரும் மயங்கியிருப்பார்கள். நீல் ஆர்ம்ஸ்ட்ராங் முதலில், தன் கலத்தோடு இணைந்திருந்த அஜீனா என்ற ஆளில்லாக் கலத்திலிருந்து பிரிந்து பார்த்தார், சுழற்சி கூடியது. அதனால் கோளாறு தன் கலத்தில்தான் என்று தெரிந்தது. உடனே அந்த த்ரஸ்டர்களை நிறுத்தி, திரும்பி வருவதற்கென்று ஒதுக்கியிருந்த வேறொரு தொகுதியை இயக்கிக் கலத்தை நிறுத்தினார். ஒன்றை மாற்று, விளைவைப் பார், அடுத்ததை மாற்று. சோதனை விமானி தினமும் செய்கிற வேலை இதுதான்.

2024 ஜூனிலும் இதே பாடம்தான். போயிங் ஸ்டார்லைனர் விண்வெளி நிலையத்தை நெருங்கும்போது ஐந்து த்ரஸ்டர்கள் செயலிழந்தன. உள்ளே இருந்தவர்கள் புட்ச் வில்மோரும் சுனிதா வில்லியம்ஸும். இருவரும் அமெரிக்கக் கடற்படைச் சோதனை விமானிகள். வில்மோர் கையால் கலத்தைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்க, தரையிலிருந்தவர்கள் த்ரஸ்டர்களை மீட்டார்கள். புதிய கலத்தின் முதல் பயணங்களுக்குச் சோதனை விமானிகளையே இன்றும் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இதுதான். ககன்யானும் புதிய கலம் என்பதை நினைவில் வையுங்கள்.

நல்ல விமானிக்கும் சோதனை விமானிக்கும் உள்ள வித்தியாசத்தை இப்படிப் பாருங்கள். பைக்கை மெக்கானிக்கிடம் விட்டு "வண்டி ஆடுது" என்று சொல்வது ஒன்று. "நாற்பது கிலோமீட்டர் வேகத்தில், மூன்றாவது கியரில், பிரேக் தொடாதபோது மட்டும் முன்சக்கரம் இடப்பக்கம் இழுக்கிறது" என்று சொல்வது இன்னொன்று. இரண்டாமவரை நம்பி வண்டியைத் திருத்தலாம். விமானம் கைக்கு எவ்வளவு இணங்குகிறது என்பதை ஒன்றிலிருந்து பத்து வரை மதிப்பிட கூப்பர்-ஹார்ப்பர் என்று ஓர் அளவுகோலே இருக்கிறது. சோதனை விமானிகள் அந்த மொழியில்தான் பேசுவார்கள். விண்கலப் பொறியாளர்களும் அதே மொழியைப் பயன்படுத்துகிறார்கள்.

கற்றுத்தராதவையும் உண்டு. ஆய்வுக்கூடப் பொறுமை, மாதக்கணக்கில் ஒரே சிறிய இடத்தில் மற்றவர்களோடு ஒத்துவாழ்வது, பழுதான கழிப்பறையைக் கழற்றி மாட்டுவது. நிலையத்தில் பெரும்பாலான நேரம் இப்படித்தான் போகிறது. சுக்லா 2025-ல் அங்கே இருந்தபோது வெந்தயம், பச்சைப்பயறு விதைகளை முளைக்க வைப்பதும் நுண்பாசிகளைப் பார்த்துக்கொள்வதும் அவருடைய வேலைகளில் அடங்கின. இன்னொரு கெட்ட பழக்கத்தையும் சொல்ல வேண்டும். பறக்கத் தடை விழுந்துவிடும் என்று பயந்து, விமானிகள் உடம்புக் கோளாறை மருத்துவரிடமிருந்து மறைப்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். விண்வெளியில் உங்கள் உடம்பே ஆய்வுப் பொருள், அங்கே இது எடுபடாது.

படி 1: எந்த வாசல் வழியாக நுழைவது?

பிளஸ் டூ முடிக்கும் நிலையில் இருந்தால் என்.டி.ஏ. எனப்படும் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான தேர்வு. இதுதான் சிறந்த வழி என்பது என் தீர்மானமான கருத்து. யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது. பதினாறரை வயதிலிருந்து பத்தொன்பதரை வரை எழுதலாம். விமானப்படைக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருக்க வேண்டும். உயிரியல் எடுத்துக் கணிதத்தை விட்டவர்களுக்கு இந்தக் கதவு அங்கேயே மூடிவிடுகிறது. எனவே பத்தாம் வகுப்பு முடிந்து பிரிவு எடுக்கும்போதே யோசியுங்கள்.

எழுத்துத் தேர்வு 900 மதிப்பெண். கணிதத்துக்கு 300, பொது அறிவுத் தாளுக்கு 600, அதில் ஆங்கிலம் மட்டும் 200. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் தடுமாறுவது கணிதத்தில் இல்லை, வினாவைப் படித்துப் புரிந்துகொள்ளும் வேகத்தில்தான். பதினோராம் வகுப்பிலிருந்தே கணிதத்தையும் இயற்பியலையும் ஆங்கிலப் புத்தகத்திலும் ஒருமுறை படித்துவிடுவது இதற்கு நல்ல மருந்து. சிறு வயதிலேயே முடிவு செய்தவர்களுக்கு உடுமலைப்பேட்டை பக்கம் அமராவதிநகரில் சைனிக் பள்ளி இருக்கிறது. ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் சேரலாம்.

பட்டம் முடித்தவர்களுக்கு முப்படைகளுக்குமான சி.டி.எஸ்., விமானப்படைக்கு மட்டுமான ஏ.எஃப்.கேட் என்ற தேர்வுகள். ஏ.எஃப்.கேட் மூலம் விமானியாகச் சேர்வது குறுகிய காலப் பணி, 14 ஆண்டுகள். இது நல்ல வேலைதான். ஆனால் விண்வெளியை மனதில் வைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு இறுக்கமாக இருக்கும். ராகேஷ் சர்மா 1970-ல் பணியில் சேர்ந்து 1984-ல் பறந்தார், 14 ஆண்டுகள். சுக்லா 2006-ல் சேர்ந்து 2025-ல் பறந்தார், 19 ஆண்டுகள். நிரந்தரப் பணி தரும் என்.டி.ஏ.வை முதலில் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

செலவைப் பற்றிப் பெற்றோர் கவலைப்பட வேண்டாம். என்.டி.ஏ.வில் படிப்பு, தங்குமிடம், பயிற்சி எல்லாம் அரசின் செலவு. வெளியில் விமானி உரிமம் எடுக்கச் செலவாகும் பெரும் தொகையோடு ஒப்பிட்டால் இதன் மதிப்பு புரியும்.

படி 2: எஸ்.எஸ்.பி., அப்புறம் வாழ்நாளில் ஒரே ஒரு சோதனை

எழுத்துத் தேர்வில் தேறியவர்கள், எஸ்.எஸ்.பி. எனப்படும் படை அதிகாரித் தேர்வு வாரியத்தின் ஐந்து நாள் நேர்காணலுக்குப் போக வேண்டும். முதல் நாளிலேயே பாதிக்கு மேல் ஆட்களை அனுப்பிவிடுவது சாதாரணம். படத்தைப் பார்த்துக் கதை எழுதுவது, குழுவாக மரக்கட்டையும் கயிறும் வைத்துத் தடையைத் தாண்டுவது, தனி நேர்காணல் எல்லாம் உண்டு. மனப்பாடம் செய்த பதில்களை அங்கே எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். பள்ளியில் கபடிக் குழுவை நடத்தியவர், ஊர்த் திருவிழாவில் பந்தல் வேலையைப் பொறுப்பெடுத்துச் செய்தவர் நிஜமாகச் சொல்வதற்கு ஏதாவது வைத்திருப்பார். பயிற்சி மையத்துக்குக் கொடுக்கும் பணத்தைவிட அது பயன்படும்.

விமானிப் பிரிவுக்குக் கூடுதலாக சி.பி.எஸ்.எஸ். என்ற கணினித் தேர்வு இருக்கிறது. கருவிகளைப் படிப்பது, கை, கால், கண் மூன்றையும் ஒரே நேரத்தில் ஒருங்கிணைப்பது ஆகியவற்றைப் பார்க்கும். வாழ்நாளில் ஒருமுறைதான் எழுத முடியும். தோற்றால் விமானப்படையில் விமானியாகும் வாய்ப்பு நிரந்தரமாகப் போய்விடும். "சும்மா ஒரு தடவை பார்த்துட்டு வரலாம்" என்று யாரும் இதற்குப் போகக் கூடாது. தூக்கம் கெட்ட நிலையில், காய்ச்சலோடு போவதும் வேண்டாம்.

படி 3: உடம்பு

குறைந்தது 162.5 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். உயரத்தோடு நிற்பதில்லை. உட்கார்ந்த உயரம், கால் நீளம், தொடை நீளம் எல்லாவற்றையும் அளப்பார்கள். தொடை மிக நீளமாக இருந்தால், ஆபத்தில் இருக்கையோடு வெளியே பாயும்போது முழங்கால் முன்பலகையில் இடித்து நொறுங்கும். கால் குட்டையாக இருந்தால் பெடல் எட்டாது. கண், காது, முதுகெலும்பு, இதயம் எல்லாம் பார்ப்பார்கள். நிறங்களைப் பிரித்தறியும் பார்வை மிக முக்கியம். கண்ணாடி, லேசர் அறுவை பற்றிய விதிகள் நுணுக்கமானவை, அவ்வப்போது மாறவும் செய்யும். அதனால் அந்த ஆண்டு அறிவிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் ஊர்க் கண் மருத்துவரிடம் ஒன்பதாம் வகுப்பிலேயே ஒருமுறை காட்டிவிடுங்கள். யூடியூபில் யாரோ சொன்னதை நம்பி லேசர் அறுவை செய்துகொண்டு பிறகு தகுதி இழக்க வேண்டாம்.

பல்லை மறக்காதீர்கள். ககன்யான் தேர்வின்போது பல் கோளாறால் பல விமானிகள் விலக்கப்பட்டார்கள் என்று செய்திகள் வந்தன. இதற்கு நியாயமான காரணம் உண்டு. அடைத்த பல்லுக்குள் சிறு காற்றிடம் இருந்தால், வெளி அழுத்தம் மாறும்போது அது தாங்க முடியாத வலியைத் தரும். பிள்ளைகளின் சொத்தைப் பல்லைச் சின்ன விஷயம் என்று தள்ளிப்போடும் வீடுகள் நம்மிடம் நிறைய.

படி 4: முதல் பத்தாண்டு

புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள என்.டி.ஏ.வில் மூன்று ஆண்டுகள், பிறகு ஹைதராபாத் அருகே துண்டிகல் விமானப்படை அகாடமி. அங்கே பிலாட்டஸ் பி.சி.-7 விமானத்தில் முதல் பறப்பு. கையின் திறமையைப் பொறுத்து போர் விமானம், போக்குவரத்து விமானம், ஹெலிகாப்டர் என்று பிரிப்பார்கள். போர் விமானத்துக்குப் போனவர்கள் பீதரில் ஹாக் ஜெட்டில் பழகி, பிறகு ஒரு படைப்பிரிவில் சேர்வார்கள்.

ககன்யான் நால்வரும் போர் விமானிகள் என்பதால் ஹெலிகாப்டருக்குப் பிரித்துவிட்டால் கனவு முடிந்தது என்று நினைக்கிறார்கள். அமெரிக்காவில் அப்படி இல்லை. சுனிதா வில்லியம்ஸ் கடற்படை ஹெலிகாப்டர் விமானி. ஸ்பேஸ் ஷட்டில் எனப்படும் அமெரிக்க விண்கப்பலுக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் ஐலீன் காலின்ஸ் போக்குவரத்து விமானம் ஓட்டியவர், பயிற்றுநர். இருவரையும் சோதனை விமானிப் பள்ளிதான் விண்வெளிக்குக் கொண்டுபோனது. இந்தியாவில் இதுவரை போர் விமானிகளுக்கே வாய்ப்பு கிடைத்திருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பத்தாண்டில் விண்வெளியைப் பற்றி யோசித்துக்கொண்டே இருப்பது ஆபத்து. படைப்பிரிவில் உங்களிடம் எதிர்பார்ப்பது போர் விமானியின் வேலையை. அதில் முழுமையாக இறங்கினால்தான் மேலே போகும் வழி திறக்கும். ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் நடக்கும் விவாதத்தில் தவறைத் தானே எடுத்துச் சொல்லும் பழக்கத்தை இங்கேதான் பிடிக்க வேண்டும்.

பயிற்றுநராவது நல்ல அடுத்த கட்டம். அதற்கான பள்ளி நம் தாம்பரத்தில் இருக்கிறது. 1948-ல் அம்பாலாவில் தொடங்கி 1954-ல் தாம்பரத்துக்கு வந்த விமானப் பயிற்றுநர் பள்ளி. பிரசாந்த் நாயர் அங்கே படித்தவர். அஜித் கிருஷ்ணனும் பயிற்றுநர் தகுதி பெற்றவர்தான். கற்றுக்கொடுக்கும்போது, கை தானாகச் செய்வதை வாயால் விளக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பழக்கம் அடுத்த படியில் உதவும்.

படி 5: பெங்களூரு, சோதனை விமானிப் பள்ளி

இதுதான் திருப்பம். ஏ.எஸ்.டி.இ. என்று எல்லோரும் சொல்லும் விமானப்படையின் சோதனை நிறுவனம் பெங்களூரில் இருக்கிறது. அதற்குள் 1973 முதல் சோதனை விமானிப் பள்ளி நடக்கிறது. தேஜஸ் விமானத்தை 2001 ஜனவரி 4-ல் முதன்முதலில் மேலே கொண்டுபோன ராஜீவ் கோத்தியால் போன்றவர்கள் இந்த மரபைச் சேர்ந்தவர்கள்.

ஏறக்குறைய ஓராண்டுப் படிப்பு. காலையில் பறப்பு, மாலையில் கணக்கு, இரவில் அறிக்கை. முன்பின் ஓட்டாத விமான வகைகளில் ஏற்றிவிட்டு, அதன் குணத்தை எழுதச் சொல்வார்கள். இங்கே திணறுபவர்களில் பலருக்கு விமானம் ஓட்டுவதில் குறை இருக்காது, கணிதமும் எழுத்தும்தான் காலை வாரும். பள்ளியில் வகையீட்டையும் தொகையீட்டையும் தேர்வுக்காக மட்டும் படித்துவிட்டு மறந்தவர்கள் பதினைந்து ஆண்டு கழித்து இங்கே அதைத் தேடுவார்கள். ஆகவே என்.டி.ஏ.வில் கிடைக்கும் பட்டத்தைச் சடங்காக நினைக்காமல் படியுங்கள். சுக்லா இந்திய அறிவியல் கழகத்தில் விண்பொறியியலில் முதுகலையும் படித்தார்.

படி 6: அழைப்பு வந்தால்

விண்வெளி வீரர் தேர்வுக்கு நம் நாட்டில் பொது விளம்பரம் வந்ததில்லை. ககன்யானுக்கு விமானப்படையே சோதனை விமானிகளைக் கேட்டது. பெங்களூரில் உள்ள அதன் விண்வெளி மருத்துவ நிறுவனம் 2019-ல் சலித்தெடுத்தது. தேர்வான நால்வரும் 2020 பிப்ரவரியில் மாஸ்கோ அருகே ககாரின் பயிற்சி மையத்துக்குப் போய் 2021 மார்ச்சில் முடித்தார்கள். உறைபனிக் காட்டிலும் தண்ணீரிலும் தப்பிப் பிழைப்பது, மையவிலக்கு, எடையற்ற பறப்பு, ரஷ்ய மொழி. பிறகு பெங்களூரில் இஸ்ரோவின் மையத்தில் ககன்யான் கலத்துக்கென்றே பயிற்சி.

சரி, காத்திருப்பு இதோடு முடிவதில்லை. 2019-ல் தேர்வானவரின் பெயரை நாடு 2024-ல்தான் அறிந்தது. சுக்லா 2025 ஜூன் 25-ல், ஆக்சியம் என்ற அமெரிக்கத் தனியார் நிறுவனத்தின் ஆக்சியம்-4 பயணத்தில் ஏறினார். அவருக்கு மாற்றாக அதே பயிற்சியை முழுக்க முடித்த பிரசாந்த் நாயர் தரையில் நின்றார். 1984-ல் மல்கோத்ராவுக்கும் அதுதான் நடந்தது, அவர் கடைசிவரை விண்வெளிக்குப் போகவில்லை. விமானியாக வாழும் வாழ்க்கை தன்னளவிலேயே பிடித்திருப்பவர்கள்தான் இதைத் தாங்குவார்கள். விண்வெளிக்காக மட்டும் விமானப்படையில் சேராதீர்கள். பறப்பது பிடிக்கும் என்றால் சேருங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு

முதல் நால்வரில் பெண் இல்லாததற்குக் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. இந்திய விமானப்படையில் பெண்கள் போர் விமானத்துக்கு வந்தது 2016 ஜூனில்: அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங். 2019 தேர்வுக்குள் மூன்றே ஆண்டுகள். சோதனை விமானியாக அது போதாது. அமெரிக்காவிலும் இதே அநீதி நடந்தது. 1960-களின் தொடக்கத்தில் 13 பெண் விமானிகள் மருத்துவச் சோதனைகளில் தேறினார்கள். ஆனால் ராணுவ ஜெட் சோதனை அனுபவம் இல்லை என்று கதவை மூடினார்கள். அந்த அனுபவத்தைப் பெறும் இடத்தில் அப்போது பெண்களைச் சேர்க்கவே இல்லை.

இப்போது நிலைமை மாறிவிட்டது. என்.டி.ஏ. 2022-ல் பெண்களுக்குத் திறந்தது. 17 பேர் கொண்ட முதல் அணி 2025 மே மாதம் வெளியே வந்தது. போர் விமானப் பிரிவும் பெண்களுக்கு நிரந்தரமாகத் திறந்துவிட்டது. இன்று பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண் சோதனை விமானியாகும் வயதில் 2040-ஐ நெருங்கியிருப்போம். அப்போது அவருக்கு முன்னால் இந்தக் காரணம் இருக்காது.

கதவு மூடிவிட்டால்

சி.பி.எஸ்.எஸ்.ஸில் தோற்றாலோ கண் தகுதி போனாலோ விண்வெளி முடிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. பெங்களூருப் பள்ளியில் விமானிகளோடு சேர்ந்து பறப்புச் சோதனைப் பொறியாளர்களும் படிக்கிறார்கள். அவர்கள் விமானப்படையின் பொறியியல் பிரிவிலிருந்து வருபவர்கள். 2018 அக்டோபரில் சோயுஸ் எம்.எஸ்.-10 ராக்கெட் நடுவானில் பழுதாகி, ஏறத்தாழ ஏழு ஜி விசையில் பாய்ந்து தப்பி வந்த நிக் ஹேக் அமெரிக்க விமானப்படையில் இந்த வகைப் பொறியாளர்தான், விமானி அல்ல. மறு ஆண்டே அவர் விண்வெளி நிலையத்துக்குப் போனார். மருத்துவம் படிப்பவர்களுக்கு விண்வெளி மருத்துவத்தில் முதுகலை இருக்கிறது, அதே பெங்களூரு நிறுவனத்தில். நாசா 2021-ல் தேர்ந்தெடுத்த பத்துப் பேரில் ஒருவரான அனில் மேனன் அமெரிக்க விமானப்படையின் மருத்துவர்.

இஸ்ரோ பொறியாளர்களுக்கும் ஒருமுறை கதவு திறந்திருந்தது. 1985-ல் இன்சாட் செயற்கைக்கோளோடு அமெரிக்க விண்கப்பலில் போவதற்காக என்.சி. பட், பி. ராதாகிருஷ்ணன் நாயர் என்ற இருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1986 ஜனவரியில் சேலஞ்சர் வெடித்ததும் அந்தத் திட்டம் நின்றுபோனது. வரும் காலத்தில் அறிவியலாளர்களையும் அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் இஸ்ரோவிலேயே இருக்கிறது. இந்தியா தனக்கென ஒரு விண்வெளி நிலையம் அமைக்கத் திட்டமிட்டிருப்பதால் அங்கே ஆய்வு செய்யும் ஆட்களும் வேண்டியிருக்கும். நாசாவில் இந்த மாற்றம் 1965-லேயே தொடங்கியது. முதல் அறிவியலாளர் அணியில் தேர்வான நிலவியலாளர் ஹாரிசன் ஷ்மிட் 1972-ல் நிலவில் நடந்தார். அவரையும் முதலில் விமானப்படைக்கு அனுப்பி, ஜெட் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள்.